ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் பொறியியல் வல்லுநரும் ஆவார். பேருந்துப் போக்குவரத்து, மின்சார மோட்டார் உற்பத்தி, தொழிற்கல்வி, வேளாண்மை எனப் பல துறைகளில் ஈடுபட்டவர். இந்தியாவின் எடிசன் என்றும் அதிசய மனிதர் என்றும் அழைக்கப்படுகிறார். இவர் பொறியியலைக் கல்லூரியில் கற்றவர் அல்லர். பயன்படுத்தப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் எஞ்சினைத் தாமே பிரித்து மீண்டும் பூட்டிக் கற்றவர்.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் ஏற்படவில்லை. தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டு விலகித் தோட்ட வேலைகளில் ஈடுபட்டார். எனினும் தமிழ் நூல்களைத் தாமே தேடிப் படிக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது.

நாயுடுவின் இளமைக் காலத்தில் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் நீர் இறைப்பது கவலை ஏற்றத்தால். பயணம் மாட்டு வண்டியால். மின்சாரம் இன்னும் வரவில்லை. ஊர்க் கொல்லரும் தச்சரும் செய்து தரும் கருவிகளே பெரும்பாலும் புழக்கத்தில் இருந்தன. பெட்ரோலில் ஓடும் வண்டி ஒன்று அத்தகைய ஊருக்குள் வந்தால் அது எத்துணை வியப்பை அளித்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

ரட்ஜ் மோட்டார் சைக்கிள்

ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததை இளைஞர் நாயுடு கண்டார். அந்த வண்டி எவ்வாறு தானாக ஓடுகிறது என்னும் கேள்வி அவரை விடவில்லை. அத்தகைய வண்டி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து, ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு அந்த அதிகாரியிடமிருந்தே வண்டியை வாங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. விலை 300 ரூபாய் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. ஒரு விடுதித் தொழிலாளிக்கு அது மிகப் பெரிய பணம்.

வாங்கிய வண்டியை ஓட்டி மகிழ்வதோடு அவர் நின்றுவிடவில்லை. அதை முழுவதுமாகப் பிரித்தார்; மீண்டும் பூட்டினார். பின்னாளில் அவர் செய்த பலவற்றுக்கும் இதுவே தொடக்கம் என்பதால், அந்த எஞ்சினைப் பற்றிச் சற்று விரிவாக அறிந்துகொள்வது பயனுடையது.

அவ்வண்டி 1912ஆம் ஆண்டைச் சேர்ந்த ரட்ஜ். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் மிதிவண்டிகள் செய்துவந்த ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் 1911ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்கால ரட்ஜ் வண்டிகளில் பெயர் பெற்றது 499 கன செ.மீ. கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் உள்விட்டம் 85 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 88 மி.மீ. எரிபொருள் கலவையை உள்ளே விடும் வால்வு மேலேயும், புகையை வெளியேற்றும் வால்வு பக்கவாட்டிலும் அமைந்திருக்கும். ஆற்றல் தோல் அல்லது ரப்பர் பட்டையின் வழியே பின்சக்கரத்தைச் சென்றடையும்.

இது நான்கு வீச்சு எஞ்சின். உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கும் முடிவதற்குக் கிராங்குத் தண்டு இரண்டு முறை சுழல வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை மட்டுமே திறக்க வேண்டும். ஆகவே வால்வுகளை இயக்கும் பற்சக்கரத்துக்குக் கிராங்குச் சக்கரத்தைப் போல் இரு மடங்கு பற்கள் இருக்கும். மீண்டும் பூட்டும்போது இவ்விரு சக்கரங்களும் ஒரு பல் மாறிப் பொருந்தினாலும் வால்வுகள் தவறான நேரத்தில் திறக்கும். எஞ்சின் வலுவிழந்து திணறும். அல்லது கிளம்பவே கிளம்பாது. இதைத் தவிர்க்கவே பழைய எஞ்சின்களைப் பிரிப்போர், சக்கரங்களைக் கழற்றும் முன் அவற்றின் மீது குறியிட்டுக் கொள்வர்.

அடுத்தது தீப்பொறி. அக்கால வண்டிகளில் மின்கலம் கிடையாது. மேக்னெட்டோ என்னும் சிறு கருவி எஞ்சினோடு சேர்ந்து சுழன்று மின்சாரத்தை உண்டாக்கும். பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பாகத் தீப்பொறி எழ வேண்டும். முந்திவிட்டால் எஞ்சின் உதைக்கும். பிந்திவிட்டால் சூடேறி ஆற்றலை இழக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களும் தொல்லை தருபவை. வார்ப்பிரும்பால் ஆன அவற்றை அளவுக்கு மீறி விரித்தால் ஒடிந்துவிடும். வால்வும் அதன் இருக்கையும் காற்றுப் புகாதபடி பொருந்த, இடையில் உராய்வுப் பசையிட்டுக் கையால் திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். உயவு எண்ணெயை ஓட்டுநரே கைப்பம்பால் அவ்வப்போது செலுத்த வேண்டும். சென்ற எண்ணெய் திரும்பி வராது. எரிந்தும் கசிந்தும் வீணாகும். எவ்வளவு செலுத்துவது என்பது அனுபவத்தால் மட்டுமே தெரியவரும்.

பயிற்சிக் கூடமோ தமிழில் கையேடோ எளிதில் கிட்டாத காலம் அது. ஒவ்வோர் உறுப்பும் எதற்காக அந்த வடிவில் இருக்கிறது என்பதை உறுப்பைப் பார்த்தே உய்த்துணர வேண்டியிருந்தது. இன்று பழைய கார்களை வீட்டுப் பட்டறையில் புதுப்பிக்கும் ஆர்வலர்களும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கின்றனர். ஆனால் அவர்களிடம் கையேடுகளும் அளவுக் கருவிகளும் உள்ளன.

பருத்தித் தொழிலும் இழப்பும்

முதல் உலகப் போர்க் காலத்தில் நாயுடு திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை ஒன்றை நடத்திப் பெரும் பொருள் ஈட்டினார். பின்னர் பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் இறங்கி அதனை இழந்தார். இந்த இழப்பைச் சிலர் வெறும் தோல்வியாகக் கருதுவர். ஆனால் இதன் பின்னரே அவர் மீண்டும் மோட்டார்த் தொழிலின் பக்கம் திரும்பினார் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

யுனைடெட் மோட்டார் சர்வீஸ்

கோயம்புத்தூரின் முன்னோடித் தொழிலதிபர்களுள் ஒருவரான இராபர்ட் ஸ்டேன்ஸ் நாயுடுவின் திறமையை உணர்ந்து, பேருந்து ஒன்றை வாங்க அவருக்கு உதவினார். 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அப்பேருந்து ஓடத் தொடங்கியது. ஓட்டுநராகவும் பழுது பார்ப்பவராகவும் நாயுடுவே இருந்தார்.

யு. எம். எஸ். என்னும் பெயரில் வளர்ந்த இந்நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 280 பேருந்துகளைக் கொண்டிருந்தது. பேருந்துகள் குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேர்வதில் அவர் கண்டிப்பாக இருந்தார். இந்த ஒழுங்கு பட்டறையிலிருந்து வந்தது. வழியில் நின்றுவிடும் வண்டியைக் கொண்டு நேரத்தைக் காக்க இயலாது. பழுது வரும் வரை காத்திராமல் எஞ்சின்களைப் பிரித்துச் சோதித்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றிப் பூட்டும் பட்டறை இல்லாமல் இத்தனை பேருந்துகளை நடத்துவது நடவாத செயல். அப்பட்டறையில் பயின்ற பலர் பின்னர் தாமே தொழில் தொடங்கினர்.

முதல் மின்சார மோட்டார்

பைக்காரா நீர்மின் திட்டத்தின் வழியே 1930களின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு மின்சாரம் கிடைத்தது. ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மோட்டார்கள் தேவைப்பட்டன. அவை வெளிநாட்டிலிருந்து வந்தன. 1937ஆம் ஆண்டு நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இணைந்து இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினர். அதன் வெற்றி பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தோன்றக் காரணமாயிற்று. பாலசுந்தரம் நாயுடு பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். கோயம்புத்தூரிலிருந்து சரவணம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் செல்லும் சாலையில் கணபதிப் பகுதியில் அது அமைந்தது. பீளமேடு, கணபதி, சரவணம்பட்டி வட்டாரங்களில் வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் பம்புத் தொழிற்கூடங்களும் பெருகியதற்கு இத்தகைய முன்னோடி முயற்சிகள் பெரிதும் துணைபுரிந்தன. பழைய எஞ்சினுக்கு உறுப்பு கிடைக்காதபோது அளவு கொடுத்துக் கடைந்து வாங்கும் வசதியும் இவ்வாறு வந்ததே.

பிற ஆக்கங்கள்

உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய ரசாந்த் சவரக் கருவி, மிக மெல்லிய சவரத் தகடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, ஒளிப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் பொறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு எந்திரம் ஆகியன அவருடைய ஆக்கங்களாகக் குறிப்பிடப்படுகின்றன. 1941இல், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று அறிவித்தார். ஒளிப்படத்திலும் திரைப்படம் எடுப்பதிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை (1936) அவரே படம்பிடித்தார். பருத்தி, பப்பாளி முதலியவற்றில் வேளாண் ஆய்வுகளையும் மேற்கொண்டார்.

இப்பட்டியலைக் கண்டு அவரை எடிசனோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் விசிறி, வானொலி, சவரக் கருவி ஆகியவை முன்பே உலகில் இருந்தவையே. இருக்கும் ஒரு பொருளைப் பிரித்து அறிந்து, அதனை எளிதாகவும் மலிவாகவும் மீண்டும் செய்வதே நாயுடுவின் தனித்திறன். ரட்ஜ் வண்டியிடம் செய்ததையே அவர் ஒவ்வொரு கருவியிடமும் செய்தார் எனலாம். இறக்குமதியை நம்பியிருந்த நாட்டுக்கு அத்தகைய திறன் புதுக் கண்டுபிடிப்பைவிடக் குறைந்த தேவை உடையது அன்று.

தொழிற்கல்வி

சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்விக்கூடமும் பொறியியல் கல்லூரியும் உருவாவதற்கு நாயுடு பெரும் காரணமாக இருந்தார். 1945இல் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். பள்ளிப் படிப்பையே முடிக்காத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது அரிய நிகழ்வு.

ஆனால் அப்பதவியில் அவர் நீடிக்கவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது என்றும், முறையாகப் பயிற்றுவித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்றும் அவர் கருதினார். அரசு இதனை ஏற்கவில்லை. நாயுடு பதவி விலகினார். அவருடைய கருத்து இன்றும் விவாதத்துக்கு உரியதே. எஞ்சினைப் பூட்டத் தெரிவதும், அதன் வெப்ப இயக்கவியலைக் கணக்கிடத் தெரிவதும் ஒன்றல்ல. பின்னதற்குக் காலம் வேண்டும். அதே வேளையில், ஒரு திருகைக்கூடக் கழற்றிப் பாராமல் பட்டம் பெற்று வெளிவரும் மாணவர்களைப் பார்க்கும்போது, அவர் எழுப்பிய கேள்வி முற்றிலும் தவறானது என்றும் ஒதுக்கிவிட முடிவதில்லை. அக்கல்லூரியே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் மாணவர் விடுதிகளுள் ஒன்று நாயுடுவின் பெயரைத் தாங்கியுள்ளது.

1944இல் மோட்டார் நிறுவனங்களின் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகிய அவர், ஆய்வு உதவித்தொகைகளுக்கும் தொழிலாளர் நலத்துக்கும் நன்கொடை அளித்தார்.

இரு இருக்கை மகிழுந்து

1952ஆம் ஆண்டு, இருவர் அமரக்கூடிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை நாயுடு உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் மட்டுமே. நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டக்கூடிய மகிழுந்தாக அது அமைந்திருக்கலாம். ஆனால் உற்பத்தி செய்வதற்குத் தேவையான உரிமத்தை வழங்க அரசு மறுத்ததால் அம்முயற்சி நின்றுபோனது.

இதன் பின்னணியைச் சிறிது அறிய வேண்டும். 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், பட்டியலிடப்பட்ட தொழில்களில் புதிய உற்பத்திக்கு நடுவண் அரசின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. மூலப்பொருளும் அந்நியச் செலாவணியும் பற்றாக்குறையாக இருந்த நாட்டில், சில பெரிய நிறுவனங்களிடம் மட்டும் மகிழுந்து உற்பத்தியை ஒப்படைப்பது சிக்கனமானது என்று அரசு கருதியது. அக்கொள்கைக்கும் காரணங்கள் இருந்தன. எனினும் பட்டறையில் செய்து ஓட்டிக் காட்டப்பட்ட ஒரு வண்டி, சாலைக்கு வராமலேயே போனது. மக்கள் வாங்கக்கூடிய சிறு மகிழுந்தான மாருதி 800 வெளிவர 1983ஆம் ஆண்டு வரை இந்தியர்கள் காத்திருக்க நேர்ந்தது.

மறைவும் நினைவும்

நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று காலமானார். எழுத்தாளர் சிவசங்கரி அவருடைய வாழ்க்கையை அப்பா என்னும் நூலாக எழுதியுள்ளார். அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 66ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிவியல் தொழில்நுட்பப் படத்துக்கான விருதைப் பெற்றது. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. நீளத்துக்கு அமைக்கப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

அதே சாலையில் அவருடைய கருவிகளும் ஒளிப்படங்களும் வைக்கப்பட்டுள்ள அருங்காட்சியகம் உள்ளது. அவருடைய மகன் ஜி. டி. கோபாலின் முயற்சியால் 2015இல் ஜீடீ கார் அருங்காட்சியகமும் அங்குத் திறக்கப்பட்டது. பென்ஸ் நிறுவனத்தின் 1886ஆம் ஆண்டு மூன்று சக்கர வண்டியின் மாதிரி முதல் வோக்ஸ்வாகன் பீட்டில் வரை, புதுப்பிக்கப்பட்ட பல பழைய மகிழுந்துகளை அங்கே காணலாம். எஞ்சினின் வளர்ச்சியைப் படங்களில் மட்டும் படித்த மாணவர்கள், கார்புரேட்டரும் வால்வும் எங்கே எப்படி இருக்கின்றன என்பதை நேரில் பார்த்து அறிய ஏற்ற இடம் அது.