வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார்

பொத்தேரியினின்று புகைவண்டியேறித் தாம்பரம் வந்து கற்கும் மாணவர் நம்மிடையே உளர். அவ்வூர் நிலையத்திற்குத் தெற்கே இரண்டாவது நிலையம் மறைமலைநகர். வேதாசலம் என்னும் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகளாரின் பெயரால் அமைந்தது அந்நகர். அவ்வடிகளாரை 1898-ஆம் ஆண்டிற் பரீட்சித்துக் கிறிஸ்தவக் கல்லூரிக்குத் தமிழாசிரியராகத் தேர்ந்தெடுத்தவர் சாஸ்திரியாராவர். அவர் யாரென வினவினால், தம் பெயரைத் தூய தமிழிற் பரிதிமாற் கலைஞர் என ஆக்கிக்கொண்டவர் என்ற ஒரே விடையையே நம் தோழர் கூறுகின்றனர். அப்பெயரை அவர் எதன்பொருட்டுப் புனைந்தார் என்பதை அறிந்தார் சிலரே.

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள் இவர் பிறந்தார். மதுரைச் சபாபதி முதலியாரிடம் தமிழ் பயின்றார். பின்னர்ச் சென்னை அடைந்து, டாக்டர் மில்லர் தலைவராயிருந்த கிறிஸ்தவக் கல்லூரியிற் கற்று, 1892-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். தத்துவ ஆசிரியர் பதவி கிட்டுவதாயிருந்தும் தமிழாசிரியர் பதவியையே இவர் வேண்டிப் பெற்றார் என்பர். அக்காலத்துத் தமிழ்ப் பண்டிதர்க்கு ஊதியமும் குறைவு, மதிப்பும் குறைவு என்பதை நோக்க, இஃது எளிய செயலன்று. கல்லூரி அந்நாளிற் சென்னைக் கோட்டைக்கு வடபால் இருந்தது. தாம்பரத்திற்கு வந்தது 1937-இல்.

இவர் ரூபாவதி, கலாவதி என்னும் நாடகங்களை இயற்றினார். நாடகவியல் என இலக்கணமும் வகுத்தார். மதிவாணன் என்னும் புனைகதை எழுதினார். பூரணலிங்கம் பிள்ளையவர்களோடு கூடி ஞானபோதினி என்னும் பத்திரிகையை நடத்தினார். சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் இவர்க்குத் திராவிட சாஸ்திரி என்னும் பட்டம் சூட்டினார்கள்.

ஆங்கிலத்தில் ஸானெட் எனப்படும் பதினான்கடிப் பாட்டைப் பின்பற்றி இவர் பாசுரங்கள் இயற்றியபோதுதான் இடர்ப்பாடு எழுந்தது. புதுமுறைப் பாட்டு அது. சாஸ்திரியார் பாடியதென்று அறிந்தால், அன்பர் பாட்டை நோக்காது புகழ்வர். பழைய நெறியினர் பாட்டை நோக்காது இகழ்வர். இரண்டையும் இவர் விரும்பவில்லை. நூலைக் கண்டே நூலை மதிக்கவேண்டுமெனக் கருதித் தம்மை மறைத்துக்கொண்டார். சூரியன் பரிதியாயிற்று, நாராயணன் மாலாயிற்று, சாஸ்திரி கலைஞராயிற்று. இப்பெயரோடு வெளிவந்ததே தனிப்பாசுரத் தொகை. போப்பையர் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

ஆகவே, யார் எழுதியது என்னும் எண்ணம் படிப்போர்க்குத் தோன்றாதிருக்கப் பூண்ட திரையே அப்பெயர். அத்திரையையே இன்று நாம் அவர் முகமெனக் கொள்கின்றோம்! வடசொல்லை அறவே விலக்கும் நோக்கம் இவர்க்கு இருந்திருப்பின், ரூபாவதியும் ஞானபோதினியும் அப்பெயர்கள் பெற்றிரா. தனித்தமிழ் இயக்கம் தோன்றியதாகச் சொல்லப்படுவது 1916. இவர் மறைந்து 13 ஆண்டுகள் கழிந்த பின்னர். தமிழை உயர்தனிச் செம்மொழியென நிறுவிய தமிழ் மொழியின் வரலாறு 1903-இல் சூரியநாராயண சாஸ்திரி என்ற பெயராலேயே வெளிவந்தது. 2004-இல் இந்திய அரசாங்கம் தமிழைச் செம்மொழியென அறிவித்தபோது, பலரும் அவ்வொரு நூலையே நினைவுகூர்ந்தனர். நாடகங்களையும் பாசுரங்களையும் எண்ணினாரல்லர்.

அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், அந்நூல் வெளிவந்த 1903-லேயே, காசநோயால் இவர் காலமானார். வயது 33. நம் நூல்நிலையத்தில் இவர் நூல்களைத் தேடப் புகும் மாணவர் இரண்டு பெயர்களின் கீழும் தேடிப் பார்ப்பாராக.