முதல் ஆட்டத்தில் பூஜ்யம்... 13 சீசனில் 16,726 யார்டு! யார் இந்த வால்டர் பேட்டன்?

பந்தோடு 8 முறை ஓடினார். முன்னேறிய தூரம்? பூஜ்யம். 1975-ல் சிகாகோ பேர்ஸ் அணிக்காக வால்டர் பேட்டன் ஆடிய முதல் ஆட்டம் இப்படித்தான் முடிந்தது. அதே மனிதர் 13 சீசன் ஆடி ஓய்வு பெற்றபோது, கணக்கில் 16,726 யார்டு இருந்தது. அன்றைக்கு அதுதான் என்.எஃப்.எல் சாதனை.

ரன்னிங் பேக் என்றால்?

அமெரிக்கக் கால்பந்து நமக்குத் தெரிந்த ஃபுட்பால் கிடையாது. பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். அவரை அமுக்கிப் போட எதிரே ஒரு கூட்டமே காத்திருக்கும்.

16,726 யார்டு என்பது சுமார் 15 கி.மீ. பைக்கில் போனால் அரை மணி நேரம். பேட்டனோ 3,838 முறை ஓடி, ஒவ்வொரு முறையும் சராசரியாக நாலு யார்டு சொச்சமாகச் சேர்த்தார். அடி விழும் என்று தெரிந்தால் பலர் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போய்விடுவார்கள். பேட்டன் போகமாட்டார், நேரே போய் மோதுவார். அப்படி ஆடியும் 13 சீசனில் அவர் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம்தான்.

காய்ச்சலோடு ஒரு சாதனை

மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பியா என்ற சிற்றூரில் பிறந்தவர், ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1977 நவம்பரில், ஃப்ளூ காய்ச்சலோடு களமிறங்கி மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 275 யார்டு ஓடினார். அந்தச் சாதனை 2000 வரை நின்றது. 1984-ல் ஜிம் பிரவுனின் மொத்த யார்டு சாதனையையும் தாண்டினார்.

1986 ஜனவரியில் அவர் அணி சூப்பர் பௌல் வென்றது. 46-10 என்ற பெரிய வெற்றி. ஆனால், பேட்டனுக்கு ஒரு டச் டவுன்கூடக் கிடைக்கவில்லை. அவருக்கு அந்த வாய்ப்பைத் தராமல் போனதற்காகப் பயிற்சியாளர் மைக் டிட்கா பின்னாளில் ரொம்பவே வருந்தினார்.

கடைசி ஆட்டம்

1999 பிப்ரவரியில், கல்லீரல் பித்தநாளங்களைப் பாதிக்கும் அரிய நோய் தனக்கு இருப்பதாக அறிவித்தார். மாற்றுக் கல்லீரல் தேவைப்பட்டது. பிரபலம் என்பதற்காக வரிசையில் முன்னே போக முடியாது. எல்லோரையும் போலக் காத்திருந்தார். காத்திருந்த நாட்களில் உறுப்பு தானத்துக்காகப் பேசினார். ஆனால் பித்தநாளப் புற்றுநோய் கண்டறியப்பட்டதும், மாற்று அறுவை சிகிச்சைக்கான வழி அடைபட்டது. 1999 நவம்பர் 1-ல் காலமானார்.

அவருடைய யார்டு சாதனையை 2002-ல் எம்மிட் ஸ்மித் முறியடித்துவிட்டார். ஆனாலும் பேட்டனின் பெயர் இன்றும் ஆண்டுதோறும் ஒலிக்கிறது. களத்துக்கு வெளியே மக்களுக்கு உதவும் வீரருக்கு என்.எஃப்.எல் தரும் விருதுக்கு, 1999 முதல் அவர் பெயர்தான்.