போலீஸுக்காகப் பொம்மை வீடு கட்டிய கேப்டன் பாட்டி!

ஸ்கேல் மாடல் போலீஸ் கார் செய்றவங்களோட வீடியோ உங்க ஃபீடுல கண்டிப்பா ஒரு தடவையாவது வந்திருக்கும். 5 மீட்டர் நீள கார், 1:24 அளவுல 21 சென்டிமீட்டரா சுருங்கிடும். கூரையில சைரன் லைட், கதவுல எம்ப்ளம், உள்ளே வயர்லெஸ் மைக், டயர்ல காய்ஞ்ச சேறு. அந்தச் சேறு இருக்கே, அதுதான் பொம்மையை நிஜக் காரா மாத்தும்.

இதே வெறியோட, நிஜ போலீஸ்காரர்களுக்காகவே மினியேச்சர் செஞ்ச ஒரு பெண்மணி அமெரிக்காவில் இருந்தார். அவர் செஞ்சது போலீஸ் காரை இல்லை. அந்த கார் போய் நிற்கிற வீட்டை. கதவைத் திறந்தா உள்ளே என்ன கிடக்குமோ, அதை. கவிழ்ந்த நாற்காலி, சுவர்ல ரத்தம், தரையில ஓர் உடல்.

அவர் பெயர் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ. 1878-ல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா ஜான் கிளெஸ்னர் விவசாய இயந்திரங்கள் தயாரித்த பெரும் பணக்காரர். அண்ணன் ஜார்ஜ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். தங்கச்சிக்குக் கல்லூரி வாசலே கிடைக்கலை. வீட்டிலேயே பாடம். கூடவே தையல், பின்னல், எம்ப்ராய்டரினு அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுப் பெண்கள் கத்துக்கிற எல்லாம். இந்தத் தையல் ஊசியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

19 வயசுல பிளூவெட் லீ என்ற வழக்கறிஞரோட கல்யாணம். மூணு குழந்தைகள். 1914-ல் விவாகரத்து. அதுக்கு முந்தின வருஷம்தான் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு பரிசு செஞ்சு கொடுத்திருந்தார்: சிகாகோ சிம்பொனி இசைக்குழு மொத்தமும் மினியேச்சரா! 90 கலைஞர்கள், ஆளுக்கொரு வாத்தியம், முன்னாடி குட்டி இசைக்குறிப்புத் தாள். பார்த்தவங்களுக்கு அது ஒரு பணக்கார வீட்டுப் பொழுதுபோக்காத்தான் தெரிஞ்சிருக்கும்.

கதை திரும்புற இடம், அண்ணனோட ஹார்வர்டு நண்பர் ஜார்ஜ் மக்ராத். பாஸ்டன் நகரில் சந்தேக மரணங்களை ஆராய்கிற மருத்துவர். அவர் சொன்ன கேஸ் கதைகளை பிரான்சஸ் ஆர்வமா கேட்பார். அந்தக் கதைகளுக்குள்ள ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு. அன்றைய அமெரிக்காவின் பல ஊர்களில், ஒருத்தர் எப்படிச் செத்தார்னு முடிவு பண்றவர் 'கொரோனர்' எனும் அதிகாரி. தேர்தல்ல ஜெயிச்சு வர்றவர். மருத்துவம் படிச்சிருக்கணும்னு கட்டாயம் இல்லை. முதல்ல போற போலீஸ்காரருக்கும் பயிற்சி கிடையாது. ரத்தத்தை மிதிப்பார், துப்பாக்கியை எடுத்துப் பார்ப்பார், உடலை நகர்த்துவார். அவ்வளவுதான், தடயம் போச்சு. கொலை தற்கொலையாகும், விபத்து கொலையாகும். தப்பே பண்ணாத ஒருத்தர் ஜெயிலுக்குப் போவார்.

அப்பா, அம்மா, அண்ணன் காலத்துக்குப் பிறகு சொத்து கைக்கு வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே, 1931-ல், ஹார்வர்டில் சட்ட மருத்துவப் படிப்புக்கு நிதி கொடுக்க ஆரம்பிச்சுட்டார். பிறகு ஒரு நூலகம் அமைச்சுக் கொடுத்தார். 1936-ல் மேலும் 2,50,000 டாலர். இங்கே ஒரு கொடுமையைக் கவனிங்க: ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கிட்டதே 1945-ல்தான். தன்னை மாணவியா உள்ளே விடாத இடத்துக்கு, ஒரு துறையையே உருவாக்கிக் கொடுத்திருக்கார்!

துறை வந்தாச்சு. ஆனா போலீஸ்காரங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது? கொலை நடந்த வீட்டுக்கு 30 பேரைக் கூட்டிட்டுப் போக முடியாது. போட்டோ காட்டினா, எடுத்தவர் பார்த்தது மட்டும்தான் தெரியும். சரி, வீட்டையே வகுப்புக்குக் கொண்டு வந்துடலாம்னு முடிவு பண்ணினார்.

1940-களில் நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த குடும்பப் பண்ணையில் வேலை ஆரம்பமாச்சு. தச்சர் ரால்ஃப் மோஷர் மரவேலையைப் பார்த்துக்கிட்டார். அளவு 1:12, அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம். ஆறடி ஆள் ஆறு அங்குலம். நிஜ வழக்குகளின் விவரங்களைக் கலந்து ஒவ்வொரு காட்சியையும் உருவாக்கினார். ஜன்னல் திரை நிஜமாவே சுருண்டு ஏறும். பூட்டுக்குள்ள சாவி திரும்பும். எலிப்பொறி வேலை செய்யும். பொம்மைகளோட காலுறையை, குண்டூசி மாதிரி மெல்லிய ஊசிகளில் அவரே பின்னினார். இறந்த உடல் எந்த நேரத்துல என்ன நிறத்துக்கு மாறும், எப்படி விறைக்கும்னு தெரிஞ்சுக்க பிரேதப் பரிசோதனைகளை நேர்ல போய்ப் பார்த்தார்.

சமையலறை மாடல் ஒண்ணு இருக்கு. அடுப்புல கேஸ் திறந்திருக்கு. தரையில ஒரு பெண். கதவெல்லாம் பூட்டி, இடுக்குகள்ல செய்தித்தாள் அடைச்சிருக்கு. தற்கொலைனு உடனே எழுதிடத் தோணும். கொஞ்சம் பொறுங்க. தொட்டியில உருளைக்கிழங்கு பாதி சீவினபடி கிடக்கு. சாகப் போறவங்க ஏன் உருளைக்கிழங்கு சீவணும்? இந்தக் கேள்வியை நிஜ வீட்டுல எத்தனை போலீஸ்காரர் கேட்டிருப்பார்? சமையல், இஸ்திரி, துணி மடிக்கிறது எல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்னு தாண்டிப் போயிருப்பாங்க. அந்தச் சமாச்சாரத்துலதான் தடயம் இருக்குனு காட்ட, அதே வேலைகளைக் கத்து வளர்ந்த ஒருத்தர் தேவைப்பட்டார். அவருடைய மாடல்களில் செத்துக் கிடக்கிறவங்கள்ல பலர் சாதாரண வீட்டுப் பெண்கள். இன்னொரு விஷயம், செல்வத்துல பிறந்தவர் கட்டின அறைகளில் பல, ஏழைகளோடது.

1943-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநில போலீஸ் அவரை கௌரவ கேப்டனாக்கியது. அப்போ வயசு 65. 1945 முதல் ஹார்வர்டில் ஒரு வாரப் பயிற்சி. ரெண்டு மாடலுக்கு 90 நிமிஷம்; கையில ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி. வெளி ஓரத்துல ஆரம்பிச்சு, கடிகாரம் சுத்துற திசையில சுத்திச் சுத்தி நடுவுக்கு வரணும். உடலை முதல்ல பார்க்கக் கூடாது. கூடவே ஒரு சாட்சியின் வாக்குமூலமும் இருக்கும். அது பொய்யாவும் இருக்கலாம். கண்ணுக்கு முதல்ல பட்டதை நம்பி கதை கட்டாம, இருக்கிறதை அப்படியே கவனிக்கப் பழக்குறதுதான் பயிற்சி. கடைசி நாள் எல்லாருக்கும் ஆடம்பர ஹோட்டல்ல பாட்டி செலவுல விருந்து. பெர்ரி மேசன் துப்பறியும் நாவல்களை எழுதின எர்ல் ஸ்டான்லி கார்ட்னரும் இந்தப் பயிற்சிக்கு வந்திருக்கார். ஒரு நாவலையே அவருக்குச் சமர்ப்பணம் செய்தார்.

1962 ஜனவரியில், 83 வயசுல பிரான்சஸ் இறந்தார். சில வருஷங்களில் ஹார்வர்டு அந்தத் துறையையே மூடிடுச்சு. மாடல்களை மேரிலேண்டின் தலைமை மருத்துவ ஆய்வாளர் ரஸ்ஸல் ஃபிஷர் பால்டிமோருக்குக் கொண்டுபோய்க் காப்பாத்தினார். 2017-ல் வாஷிங்டன் ரென்விக் அருங்காட்சியகத்துல கண்காட்சிக்கு வெச்சப்போ, சூடாகி உள்ளே இருந்ததைப் பாழாக்கின பழைய பல்புகளை எடுத்துட்டு எல்.இ.டி. போட்டாங்க. இப்போ 18 மாடல்கள் பால்டிமோரில் திரும்பப் பயிற்சிக்கு வந்துடுச்சு. அந்தச் சமையலறையில நடந்தது என்னனு தேடாதீங்க. அடுத்த பேட்ச் போலீஸ்காரங்க பார்க்கணும் என்பதால், விடைகளை வெளியிடுறது இல்லை.