ஓலே எவின்ரூட்

சிறு படகுகளுக்குத் துடுப்பும் பாயுமே நெடுங்காலம் துணையாயிருந்தன. எந்திரங்கள் தோன்றிய பின்னரும் அவை பெருங்கலங்களுக்கே பெரிதும் பயன்பட்டன. வேண்டும்போது படகின் பின்பலகையில் மாட்டவும், வேண்டாதபோது கழற்றிக் கையில் எடுத்துச் செல்லவும் தக்க எந்திரத்தை மக்களிடையே பரவச் செய்தவர் ஓலே எவின்ரூட்.

இவர் 1877ஆம் ஆண்டு நார்வே நாட்டில் பிறந்தார். இவர் சிறுபிள்ளையாயிருந்தபோதே குடும்பத்தார் அமெரிக்காவில் குடியேறி, விஸ்கான்சின் மாநிலத்து ரிப்ளி ஏரியருகே உழுது வாழ்ந்தனர். ஓலேயின் உள்ளமோ கலப்பையை விடப் படகையே நாடிற்று. அவர் முதலில் கட்டிய படகைத் தந்தையார் சினந்து அழித்தார் என்றும், சிறுவர் மனம் தளராது மறைவில் மற்றொன்று கட்டினார் என்றும் கூறுவர். பள்ளிக் கல்வி மிகுதியாகப் பெறாத அவர், பதினாறாம் வயதில் மாடிசன் நகருக்குச் சென்று பட்டறையில் சேர்ந்தார். பகலில் உழைத்தார், இரவில் பொறியியல் நூல்களைத் தாமே பயின்றார். பின்பு பிட்ஸ்பர்க், சிக்காகோ, மில்வாக்கி ஆகிய நகரங்களில் தொழில் நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்தார்.

1906ஆம் ஆண்டுக் கோடையில், நண்பர்களுடன் ஏரிக்கரையில் பொழுது போக்கியபோது, பெஸ் என்னும் நங்கை ஐஸ்கிரீம் விரும்பினார். ஓலே நெடுந்தொலைவு துடுப்பு வலித்துச் சென்று வாங்கி வந்தார். கரை சேருமுன் அது உருகிவிட்டது. அவ்வருத்தமே புதிய எந்திரத்துக்கு வித்தாயிற்று என்பர். அவ்வாண்டிலேயே இருவரும் மணந்துகொண்டனர்.

அவருக்கு முன்னரே சிலர் இத்தகைய எந்திரங்களைச் செய்திருந்தனர். ஆயினும் உறுதியும் எளிமையும் ஒருங்கே அமைந்ததை ஓலேயே செய்தார். மேலே எந்திரம் இயங்கும். அதன் சுழற்சியை ஒரு நெடுந்தண்டு நீருக்குள் கொண்டு செல்லும். அடியிலுள்ள பற்சக்கரங்கள் அதனைத் திசைமாற்றிச் சுழல்விசிறிக்கு அளிக்கும். அதன் தோற்றத்தைக் கண்ட பெஸ், காபிக்கொட்டை அரைக்கும் கருவி என எண்ணி நகைத்தாராம். 1909ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அவ்வெந்திரம் 62 இராத்தல் எடையும் ஒன்றரைக் குதிரைத்திறனும் உடையது; விலை 62 டாலர். ஓலே பட்டறையைக் கவனித்தார். பெஸ் விளம்பரம் எழுதிக் கணக்கையும் கவனித்தார்.

தொழில் ஓங்கிற்று, ஆனால் பெஸ்ஸின் உடல்நலம் குன்றிற்று. செல்வமோ துணைவியோ என்னும் நிலை வந்தபோது ஓலே தயங்கவில்லை. 1914ஆம் ஆண்டளவில், ஐந்தாண்டுகள் போட்டித் தொழில் நடத்துவதில்லை என உடன்பட்டுத் தம் பங்கை விற்று, குடும்பத்தோடு ஓய்வுப் பயணம் மேற்கொண்டார்.

ஓய்விலும் அவர் அறிவு ஓயவில்லை. அலுமினியத்தைப் பயன்படுத்தி, முன்னையதினும் எடை குறைந்து ஆற்றல் மிகுந்த இரட்டை உருளை எந்திரத்தை வகுத்தார். அதனை முதலில் பழைய பங்காளியிடமே கொண்டு சென்றார். அவர் ஏற்காமையால், 1921இல் எல்ட்டோ என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கி வெற்றி கண்டார். 1929இல் பழைய நிறுவனமும் புதியதும் ஒன்றிணைந்தபோது, அவரே அதன் தலைவரானார். பெஸ் 1933இலும், ஓலே 1934இலும் மறைந்தனர்.

கையில் சுமக்கும் எந்திரத்தை அக்கறையுடன் பேணவும் வேண்டும். உப்புநீரில் ஓடியபின் நன்னீரை உள்ளே பாய்ச்சிக் கழுவாவிடில், உப்புப் படிந்து குளிர்நீர் செல்லும் வழிகள் அடைபடும். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின், நீர் புகுந்துவிட்டதென அறிந்து பழுது நீக்கவேண்டும். படகை இழுவண்டியில் ஏற்றிச் செல்லுங்கால், சுழல்விசிறி தரையில் மோதாதபடி எந்திரத்தை உயர்த்தித் தாங்குகோல் கொடுத்தல் நன்று. இன்றேல் சாலையின் அதிர்ச்சியெல்லாம் பின்பலகையைத் தாக்கும். கரையேறியபின் நேராக நிறுத்தினால் எஞ்சிய நீர் வடியும். குளிர்நாடுகளில் உள்ளே தங்கிய நீர் உறைந்து உலோகத்தைப் பிளக்கவும் கூடும்.

எவின்ரூட் பெயர் தாங்கிய எந்திரங்களின் உற்பத்தி 2020ஆம் ஆண்டில் நின்றது. ஆயினும், மாட்டிக் கழற்றும் எந்திரம் உலகக் கடற்கரைகள் எங்கும் மீனவரின் தோள்நோவைத் தணித்து வருகிறது. தமிழகக் கரையில் வள்ளங்களின் பின்னே ஒலிப்பனவும் அவ்வகை எந்திரங்களே. பிறர் சுமையைக் குறைக்க எண்ணிய ஓலே, தம் துணைவியின் சுமையையும் உணர்ந்து, உரிய காலத்தில் செல்வத்தைத் துறந்தார். அவர்தம் அறிவோடு இப்பண்பும் நாம் போற்றத்தக்கதாகும்.