அவிநாசி வீதியில் நின்ற சுந்தரர்



நம்மில் பலர் கோவையிலிருந்து அவிநாசி வழியாக எத்தனையோ முறை போய் வந்திருப்போம். அவிநாசியப்பர் கோவிலுக்குள்ளும் ஒரு முறையாவது நுழைந்திருப்போம். அந்த ஊரின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் சுந்தரமூர்த்தி நாயனார் அந்த ஊர் வீதியில் வந்து நின்றார். மனம் தாங்காத நேரத்தில் கடவுளிடம் எப்படிப் போவது என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னபடி இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்தவர் சுந்தரர். அவருடைய கல்யாணப் பந்தலில் ஒரு முதியவர் ஓலையோடு வந்து நின்றார். நீ எனக்கு அடிமை, உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த பத்திரம் இதோ என்றார். கல்யாணம் நின்று போனது. கோபத்தில் சுந்தரர் அந்த முதியவரைப் பித்தன் என்று ஏசினார். திருவெண்ணெய்நல்லூரில் வழக்கு நடந்தது. முதியவர் பக்கம் தீர்ப்பானது. அவரைப் பின்தொடர்ந்து கோவிலுக்குள் போன பிறகுதான் வந்தவர் சிவபெருமான் என்பது புரிந்தது. தன்னைப் பாடச் சொன்ன இறைவன், ஏசிய அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொன்னார். கோபத்தில் பேசியதைக்கூட இறைவன் தள்ளிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னர் திருவாரூரில் இறைவனே அவரைத் தோழராக ஏற்றார்.

தோழர் என்பதால் துன்பம் வராமல் இல்லை. திருவாரூரில் பரவையாரை மணந்தவர், பிறகு திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணந்தார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடமே ரகசியமாக ஏற்பாடு செய்தார். இறைவனோ சங்கிலியார் தரப்புக்குக் கனவில் தகவல் சொல்லிவிட்டார்! மகிழ மரத்தடியிலேயே சத்தியம் செய்யும்படி ஆயிற்று. திருவாரூர் வசந்த விழாவின் நினைவு வந்ததும் அந்தச் சத்தியத்தை மீறிப் புறப்பட்டார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் பார்வை இழந்தன.

தவறு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். நாமாக இருந்தால் எந்த முகத்தோடு கோவிலுக்குப் போவது என்று ஒதுங்கியிருப்போம். அவர் ஒதுங்கவில்லை. தவறை ஒத்துக்கொண்டார், அழுதார், உரிமையோடு சண்டையும் போட்டார். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டுமே. அதை ஊன்றிக்கொண்டு காஞ்சிபுரம் நடந்தார், இடக்கண் தெரிந்தது. திருவாரூர் போன பிறகுதான் வலக்கண் தெரிந்தது. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை.

நம் கொங்கு நாட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையும் பொருளையும் திருமுருகன்பூண்டி அருகே வழிப்பறி கொடுத்தார். கொள்ளைக்காரர் நடமாடும் இந்த ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று சாமியையே கேட்டுப் பாடினார். பறிபோனதெல்லாம் திரும்ப வந்தது.

அடுத்த முறை சேர நாட்டுக்குப் போகும் வழியில்தான் அவிநாசி வந்தது. ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஒலி. எதிர்வீட்டில் அழுகுரல். சுந்தரர் நின்று விசாரித்தார். ஒரே வயதுப் பிள்ளைகள் இருவர் குளத்தில் குளிக்கப் போயிருக்கிறார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்குத்தான் அன்று பூணூல். இழந்த வீட்டில் பழைய துக்கம் கிளம்பிவிட்டது. சுந்தரர் வந்திருப்பது தெரிந்ததும் அந்தப் பெற்றோர் அழுகையை அடக்கி, மலர்ந்த முகத்தோடு வந்து வணங்கினார்கள். மகனை இழந்தவர்கள் நீங்களா என்று அவரேதான் கேட்டார். பிறகு குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடினார். இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளை கரைக்கு வந்தான். அவனுக்கும் பூணூல் போட்டு வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார் சுந்தரர்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி காலமான பிறகு இரண்டு மாதம் நான் பூஜை அறையில் விளக்கேற்றவில்லை. சாமி மேல் கோபம். அந்தக் கோபத்தோடு கும்பிடுவது பாவம் என்ற பயம் வேறு. முப்பத்தைந்து வருடம் வங்கியில் பற்றும் வரவும் நேர் செய்து பழகியவனுக்கு, இந்தக் கணக்கு மட்டும் நேராகவில்லை. ஒரு நாள் தனியாகப் பஸ் ஏறி அவிநாசி போய்ப் பிரகாரத்தில் உட்கார்ந்தேன். சுந்தரர் நினைவு வந்தது. மனதில் இருந்த கோபத்தையெல்லாம் அப்படியே கொட்டினேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்று இரவு தூங்கினேன். மறுநாள் விளக்கேற்றினேன்.

போனவர் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவிநாசியில் நடந்த அற்புதம் எல்லார் வீட்டிலும் நடக்காது. ஆனாலும் அன்று சுந்தரர் செய்த இன்னொரு காரியம் நம்மால் முடிந்ததுதான். அழுகுரல் கேட்டதும் அவர் கடந்து போகவில்லை. நின்று கேட்டார்.

நம் குடியிருப்பிலும் ஒரு வீட்டில் வளைகாப்பு நடக்கும்போது, எதிர்வீட்டில் ஒருவர் துக்கத்தை மறைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு மொய் எழுதிக்கொண்டிருக்கலாம். அப்படி ஒருவரைத் தெரிந்தால் போய்ப் பேசுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால், நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருக்கிற மனதோடு, கோபமானாலும் சரி, கண்ணீரானாலும் சரி, கோவிலுக்குப் போய் உட்காருங்கள்.

ஆடி மாதம் சுவாதி நட்சத்திரம் சுந்தரர் குருபூஜை நாள். முடிந்தவர்கள் அன்று அவிநாசி போய் வரலாம்.