ஆலைக்குள் ஆய்வை அழைத்துச் சென்ற அறிஞர்

விக்ரம் சாராபாயை இந்திய விண்வெளி ஆய்வின் தந்தையென்று நாம் போற்றுகிறோம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ராக்கெட் எழுந்த செய்தியை நம் பிள்ளைகளும் அறிவர். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே, பெருந்தொழில்கள் கற்று வளர்வதற்கு அவர் வழிவகுத்தார் என்பதை நம்மிற் பலர் அறியோம். அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

இவர் 1919 ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாத்தில், ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய், சரளாதேவி இணையரின் மகனாகச் சமணக் குடும்பத்தில் தோன்றினார். கேம்பிரிட்ஜில் பயின்றார், போர்க்காலத்தில் பெங்களூரில் சர் சி.வி. இராமனின் மேற்பார்வையில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1947-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்நாளில் ஆலைகள் பழக்கத்தையும் கண் மதிப்பையுமே பெரிதும் நம்பியிருந்தன. அளந்து பார்த்து முடிவு செய்யும் அறிவியல் முறை அங்கே வேரூன்றவில்லை. இக்குறையைப் போக்க, கஸ்தூர்பாய் லால்பாய் முதலிய ஆலை அதிபர்களின் துணையோடு 1947-இல் அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிக் கழகம் உருவாயிற்று. அதன் சுருக்கப் பெயர் அட்டிரா. சந்தையில் போட்டியிட்ட ஆலைகள் ஆய்வில் கூட்டாளிகளாயின. நெசவுத் தொழிலில் முன்னனுபவம் இல்லாத இளம் அறிவியலார் பலரைச் சாராபாய் துணிந்து சேர்த்தார். பழகிய கண் காணாததைப் புதிய கண் காணுமன்றோ? இயற்பியல், வேதியியலோடு மனித உறவு பற்றிய ஆய்வுக்கும் அங்கே இடமளித்தார்.

அவ்வாய்வின் தேவையை அவர் குடும்பத்தாரின் காலிகோ ஆலையே உணர்த்திற்று. அங்கே தானியங்கித் தறிகளை நிறுவியும் உற்பத்தி எதிர்பார்த்தவாறு உயரவில்லை. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் அதனை ஆராய்ந்தார். ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனி வேலையில் சிதறிக் கிடந்ததே குறையெனக் கண்டார். தொழிலாளர் சிறு குழுக்களாய்க் கூடி, ஒவ்வொரு குழுவும் ஒரு தொகுதித் தறிகளுக்குப் பொறுப்பேற்றது. உற்பத்தி உயர்ந்தது, துணிச் சேதம் குறைந்தது. இயந்திரத்தை மாற்றினால் மட்டும் போதாது, மனிதர் கூடி உழைக்கும் முறையும் மாறவேண்டும் என்பது புலனாயிற்று.

கற்கும் நிறுவனங்களை அமைக்கும் இப்பணியைச் சாராபாய் தொடர்ந்தார். 1960-இல் பரோடாவில் செயல்முறை ஆய்வுக் குழுமம் தோன்றியது. 1961-இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் உருவாக முன்னின்றார். 1971 டிசம்பர் 30 அன்று, ஐம்பத்திரண்டு அகவையில், கோவளத்தில் மறைந்தார்.

பின்னாளில் விசைத்தறிகளின் போட்டி முதலிய பல காரணங்களால் காலிகோ உட்பட அகமதாபாத்தின் ஆலைகள் பல மூடப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. ஒருமுறை கற்றது எந்நாளும் காக்கும் என்று எந்நிறுவனமும் இறுமாந்திருத்தல் இயலாது. மாணவனுக்குத் தேர்வோடு படிப்பு முடிந்துவிடலாம். தொழிலுக்கோ ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கிறது. தொழில் நடத்தும் நம் இளைஞர் இவ்வறிஞரின் வாழ்விலிருந்து கொள்ளவேண்டிய பாடம் இதுவே.