பாதி மெஷின் பிரிண்ட் போடத்தான்!



சி லேப்ல இந்தக் காட்சி நம்ம எல்லாருக்கும் பழக்கம்தான். 1 முதல் 20 வரை எண், அதன் வர்க்கம், வர்க்கமூலம்னு ஒரு அட்டவணை பிரிண்ட் பண்ணச் சொல்வாங்க. லூப் சரியா ஓடும், விடையும் சரியா வரும். ஆனா திரையில பார்த்தா எண்கள் கோணல்மாணலா நிற்கும். ரெக்கார்டுல சிவப்பு மை விழும். விடை சரியாத்தானே இருக்கு, இதுக்குப் போயா மார்க் குறைக்கிறாங்கன்னு நாமளும் முணுமுணுத்திருப்போம்.

அப்படி முணுமுணுத்தவங்க சார்லஸ் பாபேஜைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். ஆமாங்க, கணினியின் தந்தை யார்னு 2 மார்க் கேள்வியோட நாம மறந்துபோற அதே பாபேஜ்தான். அவர் கணக்குப் போடும் இயந்திரம் செய்யக் கிளம்பினதுக்குக் காரணமே அட்டவணைகள்ல இருந்த தப்புகள்தான் என்பதை நம்ம புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

1791 டிசம்பர் 26 அன்று லண்டனில் ஒரு வங்கியாளரின் மகனாகப் பிறந்தார் பாபேஜ். பள்ளி நாட்களிலேயே கணிதத்தில் பைத்தியம். 1810-இல் கேம்பிரிட்ஜ் போனார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த கணிதம் அவருக்குப் பழசாகத் தெரிந்தது. அதனால் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கமே ஆரம்பித்து, ஐரோப்பாவின் புதிய கணித முறைகளைப் பரப்பினார். 1814-இல் பட்டம், அதே வருடம் ஜார்ஜியானாவோடு கல்யாணம்.

திருப்பம் 1821-இல் வந்தது. பாபேஜும் அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷலும் வானியல் அட்டவணைகளைச் சரிபார்க்க உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. பக்கத்துக்குப் பக்கம் தப்பு. சலித்துப்போன பாபேஜுக்கு, இதையெல்லாம் நீராவியே செய்து கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆசை வந்தது.

அட்டவணையில ஒரு இலக்கம் தப்பினா என்ன குடிமுழுகிடும்னு கேட்கிறீங்களா? அந்தக் காலத்தில் கால்குலேட்டர் கிடையாது. நடுக்கடலில் இருக்கும் கப்பல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க, மாலுமி அச்சிட்ட அட்டவணையைத்தான் நம்ப வேண்டும். 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தால், கப்பல் பாறையில் போய் மோதலாம். கணக்கை எவ்வளவு சரியாகப் போட்டிருந்தாலும் பயனில்லை.

தப்பு நுழைய நாலு வாசல் இருந்தது. மனிதர் கணக்குப் போடும்போது ஒன்று. அதைப் படியெடுக்கும்போது இன்னொன்று. அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும்போது மூன்றாவது. புரூஃப் திருத்தும்போது நாலாவது. கணக்கை மட்டும் இயந்திரத்திடம் கொடுத்தால் முதல் வாசல்தான் அடைபடும். மற்ற மூன்றையும் அடைக்க வேண்டுமென்றால், இயந்திரமே அச்சுக்கான தகட்டையும் தயார் செய்ய வேண்டும். நடுவில் மனிதக் கையே படக்கூடாது. பாபேஜின் திட்டத்துக்கு உயிர்நாடியே இதுதான்.

கணக்குப் பகுதியின் தத்துவம் ரொம்ப எளிது. 1, 4, 9, 16 என்ற வர்க்கங்களை எடுத்துக்கோங்க. அடுத்தடுத்த வித்தியாசம் 3, 5, 7. அந்த வித்தியாசங்களுக்குள் வித்தியாசம் எப்போதும் 2. அப்போ பெருக்கலே தேவையில்லை, கூட்டிக்கொண்டே போனால் அட்டவணை வந்துவிடும். கூட்டுவதற்குப் பல்சக்கரங்கள் போதும். இதனால்தான் அதற்கு வித்தியாச இயந்திரம் என்று பெயர்.

1822-இல் சின்ன மாடல் ஒன்றைச் செய்து காட்டினார். அடுத்த வருடம் பிரிட்டிஷ் அரசு பணம் ஒதுக்கியது. ஜோசப் கிளெமென்ட் என்ற திறமையான பொறியாளர் பாகங்களைச் செய்யத் தொடங்கினார். மொத்தம் சுமார் 25,000 பாகங்கள் தேவைப்பட்டன.

1827 அவர் வாழ்க்கையில் இருண்ட வருடம். அப்பா, ஒரு மகன், மனைவி என்று ஒரே வருடத்தில் அடுத்தடுத்து இழந்தார். அதே வருடம்தான் 1 முதல் 108000 வரையிலான எண்களுக்கு அவர் தயாரித்த மடக்கை அட்டவணை வெளிவந்தது. நம்ம பாஷையில் லாக் டேபிள். அதை அச்சிடுவதற்கு முன் மற்றவர்களின் அட்டவணைகளை எடுத்துவைத்து, எந்த அமைப்பு கண்ணுக்குச் சுகமாக இருக்கிறது என்று ஆராய்ந்திருந்தார்.

அதோடும் விடவில்லை மனுஷன். 1831-இல் லாக் டேபிளின் சில பக்கங்களை 151 வகை நிறத் தாள்களில், வெவ்வேறு நிற மைகளில் அச்சடித்துப் பார்த்தார். மொத்தம் 21 தொகுதிகள், ஒரே ஒரு பிரதி. எந்தத் தாளில் எந்த மை இருந்தால் கண் வலிக்காது என்று தெரிந்துகொள்ள இத்தனை பாடு!

இயந்திரத்தின் கதை மட்டும் சோகமாகப் போனது. 1832-இல் கணக்குப் பகுதியில் ஏழில் ஒரு பங்கு தயாரானது. அருமையாக வேலை செய்தது. ஆனால் அதில் அச்சுப் பகுதி இல்லை. 1833-இல் பணத் தகராறில் கிளெமென்ட் வேலையை நிறுத்தினார். 17,000 பவுண்டுக்கு மேல் செலவழித்த அரசு 1842-இல் கையை விரித்தது. இதற்கிடையில் எந்தக் கணக்கையும் போடக்கூடிய பகுப்பாய்வு இயந்திரத்தை பாபேஜ் மனதில் கட்டிக்கொண்டிருந்தார். ஏடா லவ்லேஸ் 1843-இல் குறிப்புகள் எழுதியது அதைப் பற்றித்தான்.

1840-களின் கடைசியில் வித்தியாச இயந்திரம் எண் 2-க்கு வரைபடம் போட்டார். 31 இலக்கம் வரை கணக்கு, சுமார் 8,000 பாகங்கள். இப்ப கவனிங்க: அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 4,000 பாகங்கள், விடையை அச்சிடுவதற்கு மட்டும்! தாளில் ஒரு பிரதி அடிக்கும். கூடவே மென்மையான சாந்துத் தட்டில் எண்களைப் பதிக்கும். அந்த அச்சிலிருந்து நேராகத் தகடு வார்த்துக்கொள்ளலாம். பக்கத்துக்கு எத்தனை பத்தி, ஓரத்தில் எவ்வளவு இடம், வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடைவெளி, எத்தனை வரிக்கு ஒருமுறை காலி இடம் என்று எல்லாவற்றையும் மாற்றியமைக்கலாம். பிரிண்ட்எஃப் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கும் முன்னால் வெண்கலத்திலும் இரும்பிலும் யோசித்த ஃபார்மேட்டிங் இது.

அரசு இதையும் ஏற்கவில்லை. ஆனால் ஸ்வீடனில் ஷூட்ஸ் என்ற அப்பாவும் மகனும், பாபேஜின் திட்டத்தைப் படித்துத் தூண்டப்பட்டு, 1853-இல் அச்சிடும் வித்தியாச இயந்திரத்தை முடித்தேவிட்டார்கள். பாபேஜ் பொறாமைப்பட்டிருக்கலாம். அவரோ அவர்களுக்காகப் பரிந்து பேசினார். 1855 பாரிஸ் கண்காட்சியில் அந்த இயந்திரம் தங்கப் பதக்கம் வாங்கியது.

தன் சொந்த இயந்திரம் ஒரு வரி அச்சடிப்பதைக்கூடப் பார்க்காமல், 1871 அக்டோபர் 18 அன்று பாபேஜ் கண்மூடினார். லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அதே வரைபடங்களை வைத்து 1991-இல் கணக்குப் பகுதியையும், 2002-இல் அச்சுப் பகுதியையும் கட்டி முடித்தது. இரண்டுமே வேலை செய்தன. அவர் யோசனையில் தப்பில்லை என்று தெரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சரி, நம்ம லேபுக்கு வருவோம். பிரிண்ட்எஃப்ல %8.2 போட்டு எஃப் எழுதுறோமே, அதில் 8 மொத்த அகலம், 2 புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கங்கள். அந்த 8 என்பது குறைந்தபட்ச அகலம்தான். எண் அதைவிடப் பெரிசா வந்தா பத்தியை உடைச்சுக்கிட்டு வெளியே வந்துடும். அதனால முதல்ல உங்க அட்டவணையில வரப்போற மிகப் பெரிய எண் எதுன்னு யோசிங்க, அப்புறம் அகலம் போடுங்க. தலைப்புக்கும் அதே அகலம் கொடுங்க. அட்டவணை நீளமா இருந்தா, 5 வரிக்கு ஒரு காலி வரி விடுங்க. கண் வரி மாறிப்போகாது.

விடை கண்டுபிடிச்சதும் வேலை முடிஞ்சுபோச்சுன்னு நினைக்காதீங்க. அதை இன்னொருத்தர் தப்பில்லாம வாசிச்சாதான் அது விடை. பாபேஜ் அதுக்காகப் பாதி மெஷினையே ஒதுக்கினார். நாம ஒரு வரி கோட் ஒதுக்க மாட்டோமா?